இஎஸ்பி32-கேம் கேமரா போர்டு: ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு, மெமரி லீக் (எடுத்த மெமரியத் திருப்பித் தராம விட்டு அது தீர்ந்து போறது) பத்தி மட்டும் சொல்றேன்

ஃப்ரெண்டு ஒருத்தன் இந்த குட்டி வைஃபை கேமரா போர்டு வாங்கலாமான்னு கேட்டிருக்கான். ஓவி2640 கேமரா சென்சார், 4 எம்பி பிஎஸ்ரேம் (சிப்புக்கு வெளிய இருக்கற கூடுதல் மெமரி), இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. எனக்கு வேலை ஒண்ணுதான், ஆட்டுக் கொட்டாய்ல நைட்டு நாய் நுழைஞ்சா போட்டோ வரணும்.

படம் நல்லாவே வருது. ஒரு பல்பு வெளிச்சத்துல ஆடு எது நாய் எதுன்னு தெளிவா தெரியும், இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

ஆனா திடீர்னு போட்டோ வர்றது நின்னுடும். போர்டு செத்துப் போயிருக்காது, நெட்வொர்க்ல உயிரோட இருக்கான்னு பிங் அடிச்சா பதில் வரும், அதான் எரிச்சலே. கேட்டா எல்லாரும் அடாப்டர மாத்துங்கறாங்க. பவர் பத்தலைன்னா ரீஸ்டார்ட் ஆகணுமே, இது ஆகலையே! ஃப்ரீ ஹீப், அதாவது மிச்சமிருக்கற மெமரி எவ்வளவுன்னு பிரிண்ட் பண்ணிப் பார்த்தா கொஞ்சம்கூடக் குறையல, அதப் பார்த்து லீக் இல்லன்னு நம்பிட்டா தேடவே மாட்டோம், ஏன்னா அந்த நம்பர் உள்ள இருக்கற ரேமுக்கு மட்டும்தான், ஓட்டை இருந்தது பிஎஸ்ரேம்ல. ஃப்ரீ பிஎஸ்ரேம போட்டோவுக்கு போட்டோ பிரிண்ட் பண்ணதும் படிப்படியா இறங்குறது கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சுது.

விஷயம் என்னன்னா, அசைவு கண்டுபிடிக்க 320x240 கிரேஸ்கேல்ல ஃப்ரேம் எடுத்து முந்தினதோட ஒப்பிடணும், மாறியிருந்தா ஃப்ரேம்2ஜேபிஜி ஃபங்ஷன் வெச்சு ஜேபெக் ஆக்கி அனுப்பணும். அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் பிஎஸ்ரேம்ல தனியா 128 கேபி பஃபர் (படத்த வெக்க மெமரில ஒரு இடம்) எடுக்குது, படம் பத்து கேபியா இருந்தாலும் சரி. கேமரா குடுத்த ஃப்ரேம் பஃபர ரிட்டர்ன் பண்ணா இது திரும்பாது, நாமதான் தனியா ஃப்ரீ பண்ணணும், அதாவது அந்த இடத்தத் திருப்பிக் குடுக்கணும். ஃப்ரீ பண்ணாம விட்டா 4 எம்பிக்கு கணக்கு போடுங்க, முப்பது போட்டோ சொச்சம், முடிஞ்சுது. அதாவது நாய் அதிகமா வர்ற ராத்திரிலதான் கேமரா மொதல்ல படுக்கும்!

நான் எடுத்த லைப்ரரியோட உதாரணக் கோடுல ஃப்ரீ இருக்கு, கடைசி வரில. ஆனா வைஃபை கட்டாகி அப்லோட் ஃபெயில் ஆனா, கோடு அந்த வரிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஃபங்ஷன விட்டு வெளிய போயிடுது. கொட்டாய்ல சிக்னல் வர்றதும் போறதுமாதான் இருக்கும், அப்புறம் எப்படி? இத இத்தனை பேர் காப்பி பண்றாங்க, யாரும் சரி பண்ணல, தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் போடுன்னு யோசனை வேற சொல்றாங்க. அது வைத்தியமே இல்லங்க. அப்லோட் ஜெயிச்சாலும் தோத்தாலும் அடுத்த வரிலயே ஃப்ரீ பண்ணேன், அதுக்கப்புறம் பிஎஸ்ரேம் நம்பர் அசையாம நிக்குது, போட்டோ வர்றது ஒரு நாள் கூட நிக்கல.

போர்டு மேல எந்தக் குறையும் இல்ல, சென்சாரும் தங்கம். ஆனாலும் அவனுக்கு வேண்டாம்னுதான் சொல்லப் போறேன். அவனுக்கு சீரியல் மானிட்டர் (போர்டு பிரிண்ட் பண்றத கம்ப்யூட்டர்ல காட்டுற விண்டோ) முன்னாடி உக்கார நேரம் கிடையாது, கூட கொஞ்சம் காசு போட்டு ரெடிமேட் வைஃபை கேமராவே வாங்கிக்கட்டும்.