பௌர்ணமி விருந்தாளிகளும் ஓட்டல் பழக்கமும்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீடு திருவண்ணாமலையில், கிரிவலப் பாதைக்கு நடக்கிற தூரம். பௌர்ணமி தவறாமல் ஆள் வரும். நாத்தனார் குடும்பம், சித்தப்பா பிள்ளைகள், அவர்களோடு கிளம்பி வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, விடியற்காலம் மூன்று மணிக்குப் புழுதிக்காலோடு வந்து படுப்பார்கள். கார்த்திகை தீபம் என்றால் மாடியில்கூடப் பாய் விரிக்க இடம் இருக்காது.

அவர்கள் வருவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் கூடத்தில் பேசிச் சிரிக்கும்போது நான் பீரோவைக் குடைந்துகொண்டிருப்பேன். விரிப்பு கிடைத்தால் தலையணை உறை கிடைக்காது. சென்னையில் ஓட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை பார்க்கும் அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "சித்தி, நாங்க ஒரு ஷிஃப்ட்ல 14 ரூம் பார்க்கிறோம். எதையும் தேடவே மாட்டோம்" என்றாள். அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் மூன்று வருடமாகச் செய்கிறேன்.

முதலில் துணிக்கணக்கு. ஒரு கட்டிலுக்கு மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். விரிப்பு, போர்வை, துண்டு எல்லாவற்றையும் மடித்து அந்தச் செட்டின் தலையணை உறைக்குள்ளேயே வைத்துவிடுவேன். எந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் ஒரு மூட்டையை எடுத்துக் கொடுத்தால் போதும். வேறு எதுவும் முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்து பாருங்கள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில், போன சித்ரா பௌர்ணமிக்குத்தான் விருந்தாளிகளோடு நானும் கிரிவலம் கிளம்பினேன்.

வெள்ளைத் துணி விஷயத்தில் பாதிதான் வெற்றி. வெள்ளை என்றால் சாயம் போகும் கவலை இல்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சுடுதண்ணீரில் வெளுக்கலாம், ஓட்டலுக்கு அது வசதி. நம் வீட்டிலோ மஞ்சள், குங்குமம், தேங்காய் எண்ணெய் எல்லாம் தலையணையில் வந்துவிடும். மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் அது சிவப்பானதைப் பார்த்து முதல் தடவை பயந்தே போனேன். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். நன்றாக அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டால் கறை வெளுத்துவிடும், மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. எண்ணெய்க்குத்தான் எனக்கு வழி அகப்படவில்லை. ஒரே வருடத்தில் உறைகள் பழுப்பாகிவிட்டன. இப்போது விரிப்பும் துண்டும் வெள்ளை, உறை மட்டும் கருநீலம். துண்டுகளுக்கு வாசனை கண்டிஷனர் போடுவதையும் நிறுத்திவிட்டேன், போட்டால் துண்டு ஈரத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஜன்னலைத் திறந்து, படுக்கைத் துணியை உருவிவிட்டு, மெத்தை காற்றாடும் நேரத்தில் குளியலறையை முடிக்க வேண்டும். அப்புறம் மின்விசிறி, ஒட்டடை, அலமாரி என மேலிருந்து கீழே. அதற்குப் பிறகுதான் புது விரிப்பு. கடைசியில் உள்மூலையில் ஆரம்பித்து வாசல் வரை தரையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துவிடலாம். முன்பெல்லாம் தரையைத் துடைத்த பிறகு மின்விசிறியைத் தட்டி, இரண்டு வேலை செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் குழாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். குளித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்தாலே பாதி குறைந்துவிடுகிறது, மீதிக்கு வாரம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு. கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, வாஷ்பேசினுக்கு நீலம் என்று பிரித்துவிட்டதால் வேலைக்கு வரும் அக்காவுக்கும் குழப்பமில்லை. இன்னொன்று, ப்ளீச்சையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒருநாளும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது மூச்சையே அடைத்துவிடும்.

வீட்டுக்குச் சரிப்படாதவையும் உண்டு. போர்வையை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகுவது பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. சின்னச் சின்ன சோப்பு வீண். கதவின் பின்னால் செக்லிஸ்ட் ஒட்டியபோது மாமியார், "வீடா லாட்ஜா இது?" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அதை அலமாரிக் கதவின் உள்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் விருந்தாளி படுக்கிற கட்டிலில் ஐந்து நிமிடம் நானே படுத்துப் பார்ப்பேன். இதுவும் அக்கா மகள் சொன்னதுதான். முதல் நாள் படுத்தபோதே, போன் சார்ஜ் போட எழுந்து எதிர்ச் சுவருக்குப் போக வேண்டியிருப்பது தெரிந்தது. கால் வீங்கி வந்து படுத்தவர்கள் இத்தனை வருடமாக அதைச் சொல்லாமலே எழுந்து நடந்திருக்கிறார்கள். இப்போது தலைமாட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருக்கிறேன்.