எட்டாம் நம்பர் ஊசிதான், ஆனால் எந்த எட்டு?

பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி போன மழைக்காலத்தில் ஒரு சுவெட்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஏழு வயது மகனுக்காகப் பின்னியது. "அக்கா, கண்ணியெல்லாம் எண்ணித்தான் ஏற்றினேன். இவன் போட்டால் தோள் நழுவுகிறது" என்றாள். மார்புச் சுற்று 70 செ.மீ. வந்திருக்க வேண்டும். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தேன், 81. கண்ணிகள், அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையங்கள், பாட்டர்ன் என்கிற பின்னல் குறிப்பில் சொன்னபடியே 154. நூலும் அதே எட்டு ப்ளை (ப்ளை என்பது நூலின் தடிப்பைச் சொல்லும் கணக்கு). கடைசியில் ஊசியை வாங்கிப் பார்த்தேன். அதில் 8 என்று பொறித்திருந்தது. பாட்டர்னும் 8 என்றுதான் சொன்னது.

அவள் மீது குற்றமில்லை. பாட்டர்ன் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எழுதப்பட்டது; அதில் 8 என்றால் 4 மி.மீ. ஊசியோ வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்தது. அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். அதனால் 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி நிற்க வேண்டிய இடத்தில் 19 தான் நின்றது. கொழுந்து பறித்துவிட்டு வந்து இரவு இரவாகப் பின்னிய உழைப்பு அது. அதைப் பார்த்த பிறகுதான் ஊசிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இந்த எண் விவகாரம். பழைய பிரிட்டிஷ் எண்கள் கம்பிப் பட்டறையிலிருந்து வந்தவை. துளைத் தகட்டின் வழியாகக் கம்பியை இழுக்க இழுக்க அது மெலியும். அதனால் எண் ஏற ஏற ஊசி மெல்லியதாகும்: 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4, 10 என்றால் 3.25, 14 என்றால் 2. அமெரிக்க எண் நேர்மாறு. அங்கே 3 என்றால் 3.25 மி.மீ., 6 என்றால் 4, 8 என்றால் 5. இரண்டு கணக்கும் ஒத்துப்போவது 7இல். இரண்டிலுமே அது 4.5 மி.மீ. என் அம்மாயி சைக்கிள் சில்லுக் கம்பியைத் தேய்த்துக் கூராக்கி அதில்தான் காலுறை பின்னினார். அந்தக் கம்பியின் தடிப்பு ஏறக்குறைய 2 மி.மீ., அதாவது பழைய 14ஆம் நம்பர். ஊசி வாங்கக் காசில்லாத காலத்தில் அவர் கண்டுபிடித்த அளவு மிகச் சரியான அளவு என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எனவே கடையில் நம்பரைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். எழுத்து அழிந்துபோன ஊசி கையில் இருந்தால், தையல் நூலை அதன் மேல் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். பிறகு அவிழ்த்து, சுற்றிய பகுதியை மட்டும் நீட்டி அளந்து பாருங்கள். சுமார் 13 செ.மீ. வந்தால் அது 4 மி.மீ. ஊசி. 16ஐ ஒட்டி வந்தால் 5 மி.மீ. நூலின் தடிப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அடுத்தது, நூல் லேபிள் சொல்லும் அளவா, நம் கை சொல்லும் அளவா? நான்கு ப்ளைக்கு 3.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி, எட்டு ப்ளைக்கு 4 மி.மீ. ஊசியில் 22, அதைவிடத் தடித்த ஆரன் நூலுக்கு 5 மி.மீ. ஊசியில் 18 என்பது வழக்கமான கணக்கு. இதைத் தொடங்குவதற்கான இடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கை இறுக்கும், இன்னொருவர் கை தளர்த்தும். பெரியவர் ஒருவருக்கு 90 செ.மீ. சுற்றுக்கு 198 கண்ணி ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 22க்குப் பதில் 21 நின்றாலே சுற்று 94 செ.மீ. ஆகிவிடும்.

ஆகவே 30 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு சோதனைத் துண்டு பின்னுங்கள். துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் உள்ள 10 செ.மீ.யில் கண்ணிகளை எண்ணுங்கள். கூடுதலாக நின்றால் ஒரு அளவு பெரிய ஊசி, குறைவாக நின்றால் ஒரு அளவு சிறிய ஊசி. "கொஞ்சம் இறுக்கிப் பின்னிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். பத்து வரிசைக்குப் பிறகு கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும், அதனால் ஊசியை மாற்றுவதுதான் வழி.

நம் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. துவைத்த துண்டு காய மூன்று நாள்கூட ஆகும். அதே நாட்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பொறுமையிழந்து அடுப்பின் மேல் தொங்கவிடாதீர்கள். தொங்கினால் துண்டு நீண்டு அளவு பொய்யாகும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக் நூல். அதிக சூடு பட்டால் அது துவண்டுவிடும், பழைய நிலைக்கு வராது. ஒரு துவாயில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, தட்டையாகப் போட்டுவிடுங்கள்.

எந்தப் பொருள் பின்னுகிறோம் என்பதும் அளவை மாற்றும். எட்டு ப்ளை சுவெட்டருக்கு இடுப்புப் பட்டியும் கைப்பட்டியும் 3.25இல், உடல் 4இல் பின்னுவது பழைய வழக்கம். பட்டி சுருங்கிப் பிடிக்க அது வேண்டும். மப்ளருக்கு நான் 4.5 எடுப்பேன், கழுத்தில் மென்மையாக விழும். ஆனால் ஹப்புத்தளைக் காற்றுக்குப் போடும் தொப்பிக்கு 4ஐத் தாண்ட மாட்டேன். கண்ணி தளர்ந்தால் காற்று நேரே காதுக்குள் போய்விடும்.

இனி ஊசியின் வகை. ஒரு முனையில் குமிழ் வைத்த நேர் ஊசி, இரண்டு முனையும் கூரான குட்டை ஊசி, இரண்டு ஊசிகளை மெல்லிய வடத்தால் இணைத்த வட்ட ஊசி என்று மூன்று வகை. நேர் ஊசி மலிவு, தொடக்கக்காரருக்கு எளிது. குழந்தைக்கான சிறு துண்டுகளுக்கு அதுவே போதும். பெரிய உடல் பகுதி என்றால் முழுப் பாரமும் ஊசியின் நுனிக்கு வந்து மணிக்கட்டை இழுக்கும். பஸ்ஸில் பின்னினால் 35 செ.மீ. ஊசி பக்கத்தில் இருப்பவரின் விலாவைக் குத்தும். வட்ட ஊசியில் பாரம் வடத்தில் தங்கி மடியில் கிடக்கும். வட்ட ஊசி குழாய் வடிவத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்துப் போய் வந்து பின்னினால், நேர் ஊசி செய்வதையெல்லாம் அதுவும் செய்யும்.

தொப்பியில்தான் போட்டி உண்மையில் சூடு பிடிக்கிறது. டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால், நல்லதண்ணி வழியாக ஏறும் கீழ்நாட்டு மக்களுக்கு 2,243 மீட்டர் உச்சியின் குளிர் புதிது. கம்பளித் தொப்பிக்கு நல்ல கிராக்கி இருக்கும். நேர் ஊசியில் பின்னித் தைத்தால் பிடரியில் தையல் உறுத்தும். 40 செ.மீ. வட்ட ஊசியில் தையலே இல்லாமல் வேகமாக முடியும். 60 செ.மீ. ஊசி தொப்பிக்கு ஆகாது. கண்ணிகள் சுற்று முழுவதும் எட்டாமல் இழுபடும். உச்சியில் கண்ணி குறையும்போது 40உம் பெரிதாகிவிடும், அப்போது குட்டை ஊசிகளுக்கு மாற வேண்டும். அல்லது தொடக்கத்திலிருந்தே 80 செ.மீ. ஊசியை எடுத்து, மிஞ்சும் வடத்தை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம். வேகம் சற்றுக் குறையும். ஆனால் ஒரே ஊசியில் தொப்பி, கையுறை, சுவெட்டர் எல்லாம் ஆகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பலருக்குச் சுற்றிப் பின்னும்போதும் திருப்பிப் பின்னும்போதும் இறுக்கம் மாறும். சோதனைத் துண்டை எந்த முறையில் பின்னப் போகிறீர்களோ அந்த முறையிலேயே பின்னுங்கள்.

வட்ட ஊசி வாங்கும்போது வடம் ஊசியோடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் நூலும் தட்டும், ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியைத் தள்ளித் தள்ளியே மாளாது. வடம் சுருண்டிருந்தால் கவலையில்லை, சுடுநீரில் சிறிது நேரம் போட்டால் நிமிர்ந்துவிடும்.

உலோகமா மூங்கிலா என்ற கேள்விக்கு நம் மலையே பாதிப் பதிலைச் சொல்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும். அந்தக் காலை நேரத்தில் அலுமினிய ஊசியைப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். மூங்கில் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். அக்ரிலிக் நூல் வழுக்கும், அலுமினியமும் வழுக்கும். புதிதாகப் பழகுகிறவரின் கண்ணி அடுப்படிக்கு எழுந்து போய் வருவதற்குள் நழுவிக் கிடக்கும். மூங்கில் அதைப் பிடித்து வைக்கும். அதே பிடிப்பு பழகிய கைக்கு இடைஞ்சல். மூடுபனி நாட்களில் மூங்கில் ஈரம் வாங்கி நூல் நகர மறுக்கும்; மெழுகுதிரியைத் தடவித் துணியால் தேய்த்தால் மறுபடி ஓடும். 3 மி.மீ.க்குக் கீழே மூங்கில் வளைந்து முறியும், அங்கே உலோகமே நல்லது. பூச்சுப் போன அலுமினியம் வெள்ளை நூலில் சாம்பல் கறை வைக்கும் என்பதால் குழந்தைத் துணிக்கு அதைத் தொட வேண்டாம். பிளாஸ்டிக் 8 மி.மீ.க்கு மேலான தடித்த ஊசிகளுக்கு மட்டும் சரி. மற்றபடி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஒரு ஊசி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், என் தேர்வு 4 மி.மீ., 80 செ.மீ. வட்ட ஊசி, மூங்கில். இரண்டாவது வாங்க முடிந்தால் பட்டிகளுக்கு 3.25. அந்தப் பெண்ணுக்கும் அதையே சொன்னேன். பெரிய சுவெட்டரை மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டாள். சின்னவனுக்காக மறுபடி 154 கண்ணி ஏற்றியிருக்கிறாள். இந்த முறை சோதனைத் துண்டில் 22 நின்ற பிறகு.