சொந்த வக்கீலா, சட்ட உதவி வக்கீலா?

கிரிமினல் வழக்கில் பெயர் வந்துவிட்டால், நகையை அடகு வைத்தாவது வக்கீல் பிடிக்க ஓடுகிறோம். சொந்தமாக வைத்தால் ஆளை நாமே தேர்ந்தெடுக்கலாம், சரி. ஆனால் ஜாமீனுக்கு ஒரு தொகை, வாய்தாவுக்கு ஒரு தொகை என்று செலவு நீளும். ஃபீஸை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இலவச சட்ட உதவிக்கான அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் வக்கீலுக்கு நாம் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் தடையில்லை. கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும். 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம். ‘ஓசி வக்கீல்தானே’ என்ற இளக்காரம் வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட ஆணைக்குழு கொண்டுவந்த 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தில் (LADCS) வந்த வக்கீல்கள் கிரிமினல் வழக்குக்கென்றே முழுநேரமாக நியமிக்கப்பட்டவர்கள். வெளி வழக்கு எடுக்க முடியாது. குறை என்னவென்றால், யார் வருவார் என்பது நம் கையில் இல்லை.

ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது வக்கீல் இல்லையென்றால், மாஜிஸ்திரேட்டிடமே கேளுங்கள்.