64 நிமிடம், 17 பாட்டு: ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தோடு 20 வருடம்

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ என்ற இந்த ராக் ஆல்பத்தின் சிடியை நான் வாங்கியது 2004 அக்டோபரில், லிவர்பூலுக்குப் படிக்கப் போன புதிதில். நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் ஒரு சாரிட்டி கடையில் பழைய சிடிகள் குவிந்து கிடந்த அட்டைப் பெட்டியிலிருந்து, 2 பவுண்டுக்கு. உறையின் கீல் ஒரு பக்கம் உடைந்திருந்தது, திறந்தால் மூடி தனியாகக் கையோடு வந்துவிடும். தட்டின் அடியில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. வாங்கச் சொன்னது என்னோடு அதே வீட்டில் வாடகைக்கு இருந்த பையன். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாலசியில் பிறந்து வளர்ந்தவன். “எங்க ஊர்ப் பசங்க, இதைக் கேளு, அந்தக் காலை நேரப் பாட்டை மறந்துடு” என்றான். எந்தக் காலை நேரப் பாட்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பேண்டின் பெயர் தி பூ ராட்லிஸ். 1988-ல் வாலசியில் தொடங்கியது. பாட்டெழுதி கிட்டார் வாசித்தவர் மார்ட்டின் கார், பாடியவர் சைஸ், இவர்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து நண்பர்கள். பேஸ் கிட்டார் டிம் பிரவுன், டிரம்ஸ் ராப் சியெக்கா. ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ 1993 ஆகஸ்ட்டில் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. தலைப்பு ஜான் கோல்ட்ரேனின் 1960-ஆம் வருட ஜாஸ் ஆல்பத்தின் தலைப்பேதான். இருபதுகளில் இருந்த நான்கு கிட்டார் பேண்ட் பசங்கள் அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும்! வெளியிலிருந்து பெரிய தயாரிப்பாளர் யாரையும் கூப்பிடாமல் தாங்களே தயாரித்தார்கள். 17 பாட்டு, 64 நிமிடம்.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு வருடம் எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பாட்டு ஜமைக்காவின் ரெக்கே இசை மாதிரி அடிவயிற்றில் உருளும் பேஸோடு போகும், அடுத்தது அறுபதுகளின் பாப் மாதிரி துள்ளும், அதற்கடுத்தது மெதுவாகத் தொடங்கி நடுவில் திடீரென்று கிட்டார் சத்தத்தை மண் லாரியைக் கவிழ்த்ததுபோல் மேலே கொட்டும். எதையும் முடிவுசெய்யத் தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதனால் எனக்குப் பிடித்த நாலைந்து பாட்டை மட்டும் கணினியில் ஏற்றி, 128 கேபிபிஎஸ் எம்பி3-ஆகச் சுருக்கி, பேருந்தில் போகும்போது கேட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான், இரண்டு வகையில். ஒன்று, அப்படிச் சுருக்கும்போது கிட்டார் இரைச்சலும் சிம்பலும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குழைந்துவிடும், இந்த ஆல்பத்தின் சதையே அந்த இரைச்சல்தான். இரண்டாவது, பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால் இது வெறும் நாலைந்து நல்ல பாட்டாகிவிடுகிறது.

மாறியது 2006 வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூல் படகுத் துறையான பியர் ஹெட்டில் படகு ஏறி, மெர்சி நதியைத் தாண்டி சீகூமில் இறங்கி, அங்கிருந்து நியூ பிரைட்டன் வரை ஆற்றங்கரையோடு நடந்தேன். ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வலது கையில் ஆறு முழுக்கக் கூடவே வரும், எதிர்க்கரையில் லிவர்பூலின் கப்பல் துறைகள் மெல்லப் பின்னால் நகரும், காற்று முகத்தில் உப்போடு அடிக்கும். பையில் சிடி வாக்மேன். குளிரில் விரல் விறைத்துக் கையுறை போட்டிருந்ததால் பட்டனைத் தட்டிப் பாட்டைத் தாண்ட முடியவில்லை, சரி ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றுதான் 17 பாட்டையும் வரிசையாக, ஒன்றையும் விடாமல், முதல் தடவையாகக் கேட்டேன்.

அப்புறம்தான் புரிந்தது. ‘லீவ்ஸ் அண்ட் சேண்ட்’ காதோடு கிசுகிசுப்பதுபோல் தொடங்கி இடிபோல் விழுவதற்கு அர்த்தம் வருவது, அதற்கு முன்னால் ‘விஷ் ஐ வாஸ் ஸ்கின்னி’ அவ்வளவு லேசாக, ஒல்லியாக இருந்திருக்கலாமே என்று ஏங்கிக்கொண்டே துள்ளிப் போனதால்தான். ‘அப்பான் நைன்த் அண்ட் ஃபேர்சைல்ட்’ பாட்டில் அந்த டப் பேஸ் (டப் என்பது எதிரொலி நிறைந்த ஒரு ரெக்கே வகை) நிதானமாக நடக்க, அதன் மேல் கிட்டார் கிழிந்துகொண்டே இருப்பது காதை முன்கூட்டியே தயார்படுத்துகிறது: இங்கே அமைதியும் கூச்சலும் ஒரே நேரத்தில் இருக்கும், பழகிக்கொள் என்று. ‘பார்னி’ ஒரே பாட்டுக்குள் இரண்டு மூன்று தடவை திசை மாறும். வரிசை குலைந்தது போலத் தெரிந்ததெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்து அடுக்கிய வரிசை. ட்ரம்பெட், செல்லோ, கிளாரினெட் எல்லாம் வருகின்றன, ஆனால் எதுவும் அலங்காரத்துக்கு வரவில்லை. கிட்டாரால் சொல்ல முடியாத இடத்தில் மட்டும் வருகின்றன.

சைஸின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலில் சின்னப் பையன் பாடுவதுபோல் சுத்தமான, உயரமான குரல். சுற்றி எவ்வளவு அமளி நடந்தாலும் அது பதறவே பதறாது. மார்ட்டின் கார் எழுதியது பெரும்பாலும் தன்மீது நம்பிக்கை இல்லாத ஒருவனின் வரிகள். அதை இன்னொருவர் இவ்வளவு அமைதியாகப் பாடும்போது அந்த வலி வேறு மாதிரி ஏறுகிறது. எழுதியவரே பாடியிருந்தால் இது வந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இனி ‘லாசரஸ்’. ஆல்பத்தில் 13-ஆவது பாட்டு, முந்தின வருடம் 1992-லேயே தனியாக சிங்கிளாக வந்தது. எனக்கு இந்தப் பாட்டோடு ஒரு தனிக் கதை உண்டு. என் சிடியில் இருந்த கீறல் சரியாக இந்தப் பாட்டில்தான் விழுந்திருந்தது. பேஸ் உருளும், மேலே எதிரொலி மிதக்கும், குரல் தணிந்து வரும், பிறகு டக்கென்று ஒரு தாவல், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ட்ரம்பெட்டின் நடுவில் போய் விழும். அது அந்தப் பாட்டின் அமைப்பு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு வெட்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று. 2009-ல் இணையத்தில் இன்னொரு பழைய பிரதி வாங்கினேன். ‘புதிது போல’ என்று போட்டு விற்றவர் அனுப்பிய தட்டு எங்கள் வீட்டு பிளேயரில் ஏறவே இல்லை, திருப்பி அனுப்பி, மூன்று வாரம் கழித்து வேறொருவரிடம் வாங்கினேன். அது ஓடியது. அன்றைக்குத்தான் அந்தத் தாவலுக்குள் விழுங்கப்பட்டிருந்த நொடிகளைக் கேட்டேன். முகூர்த்த நேரத்தில் கையசைத்ததும் கெட்டிமேளம் ஒரே மூச்சில் எழுமே, அப்படி எழுகிறது அந்த ட்ரம்பெட். அதுவரை தலையைக் குனிந்துகொண்டு போன பாட்டு நிமிர்ந்து நிற்கிறது. அந்த இடத்தில் வார்த்தையே கிடையாது, வெறும் குரலும் பித்தளையும்தான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு வந்து நின்று கேட்டேன். ஐந்து வருடம் வைத்திருந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த இடத்தை நான் கேட்டதே இல்லை!

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் பேச்சில் இல்லை? வந்தபோது யாரும் கவனிக்காமல் இல்லை. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 17-ஆம் இடம் வந்தது, ‘செலக்ட்’ இசைப் பத்திரிகை 1993-ன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது, என்எம்இ என்ற இன்னொரு இசைப் பத்திரிகையின் வருடக் கடைசிப் பட்டியலில் பாடகி பியர்க்கின் ‘டெபியூ’வுக்கு அடுத்து இரண்டாம் இடம். மாட்டிக்கொண்டது காலத்தில்தான். ஷூகேஸ் என்று பெயர் வைத்து, கிட்டார் ஒலியை மாற்றும் காலடிப் பெடல்களைப் பார்த்தபடி குனிந்து வாசித்த பேண்டுகளை பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்த நேரத்தில் கைவிட ஆரம்பித்திருந்தன. அதே கிரியேஷன் நிறுவனம் 1991-ல் மை பிளடி வாலன்டைனின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது, 1994 ஆகஸ்ட்டில் ஓயசிஸின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருக்கிறது ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’. முன்னதின் இரைச்சலும் இதில் உண்டு, பின்னால் வந்த பிரிட்பாப்பின், அதாவது தொண்ணூறுகளின் நடுவில் பிரிட்டனில் ஓங்கிய கிட்டார் பாப்பின், மெட்டும் உண்டு, ஆனால் இரண்டு வரலாற்றிலும் இதற்கு அத்தியாயம் கிடைக்கவில்லை.

அதற்கு மேல் அந்தக் காலை நேரப் பாட்டு. 1995-ல் ‘வேக் அப் பூ’ என்ற சிங்கிள் 9-ஆம் இடம் போனது, ‘வேக் அப்’ ஆல்பம் முதலிடமே பிடித்தது. இங்கிலாந்தில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் காலையில் ரேடியோவில் வரும் அந்த ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். நல்ல பாட்டுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டு இவர்களை முடித்துவிடுவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. 1996-ல் ‘கமான் கிட்ஸ்’ என்று மறுபடியும் கரடுமுரடாக ஒன்று கொடுத்தார்கள், வேக் அப்பை வாங்கியவர்கள் பலர் கூட வரவில்லை, 1998-ல் ‘கிங்சைஸ்’, 1999-ல் பிரிந்துவிட்டார்கள். 2021-ல் மீண்டும் சேர்ந்தபோது மார்ட்டின் கார் அதில் இல்லை.

எதில் கேட்பது என்று கேட்டால்: ஃபோன் ஸ்பீக்கரில் தயவுசெய்து வேண்டாம். பேஸ் முழுக்கப் போய்விடும், டிம் பிரவுனின் பேஸ் போனால் ‘அப்பான் நைன்த்’ வெறும் சுரண்டல் சத்தம்தான். ஸ்ட்ரீமிங்கில் கேட்பதில் தப்பில்லை, பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். காதை முழுக்க மூடும் சுமாரான ஹெட்ஃபோன் போதும், ரொம்ப விலை உயர்ந்தது தேவையில்லை. நான் எட்டு வருடமாக ஒன்றையே வைத்திருக்கிறேன், காது மெத்தையை மட்டும் இரண்டு தடவை மாற்றினேன். இன்றைய ஆல்பங்களுக்குப் பக்கத்தில் ஒலி சற்றுத் தணிந்து இருப்பதாகத் தோன்றும், வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றினால் சரியாகிவிடும். எல்இடி விளக்கு மின்னும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றில் விருந்தினர் வந்தபோது போட்டுப் பார்த்தேன். யாருக்கும் பேச முடியவில்லை, நாலாவது பாட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. விருந்துக்கான ஆல்பம் இது இல்லை.

குறை இல்லையா? இருக்கிறது. 17 பாட்டில் 14 போதும். ‘லாசரஸ்’ அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திய பிறகு வரும் மூன்று பாட்டுகளில் வேகம் தொய்கிறது, ‘ரன் மை வே ரன்வே’ எனக்கு 20 வருடம் கழித்தும் ஒட்டவில்லை. சில இடங்களில் சைஸின் குரல் கிட்டாருக்கு அடியில் புதைந்து வார்த்தையே பிடிபடாது, ‘ரோட்னி கிங்’ மாதிரி, 1991-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் அடித்த மனிதரின் பெயரைத் தலைப்பில் வைத்த பாட்டில்கூட. அங்கே வரிகள் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கடைசிப் பாட்டு ‘தி ஒயிட் நாய்ஸ் ரீவிசிட்டட்’ எல்லாத் தொய்வையும் ஈடு கட்டிவிடும். வேலை முடிந்து களைத்து வரும் ஒருவனுக்குப் பழைய இசைத்தட்டுகள்தான் துணை என்பதுபோல் தொடங்கி, கடைசியில் பல குரல்கள் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போகும். கேட்பவரும் சேர்ந்துகொள்ளாமல் இருக்க முடியாது, நான் ஆற்றங்கரையில் வாய்விட்டே பாடியிருக்கிறேன்.

அந்த நடையை வருடத்துக்கு ஒரு தடவையாவது இன்னும் போகிறேன். படகிலிருந்து இறங்கியதும் முதல் பாட்டைத் தொடங்கினால் வேல் பார்க் பக்கம் வரும்போது ‘லாசரஸ்’, பெர்ச் ராக் கோட்டையும் கலங்கரை விளக்கும் கிட்டத்தில் தெரியும்போது கடைசிப் பாட்டு. என் நடை வேகத்துக்கு ஏறக்குறைய அப்படி அமைகிறது. இப்போது கேட்பது கீறல் இல்லாத பிரதி. கீல் உடைந்த முதல் பிரதி அலமாரியில் இருக்கிறது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். பேஸ் உருண்டு, குரல் தணிந்து, ட்ரம்பெட் எழப்போகும் அந்த இடம் வரும்போது என் காது இன்றைக்கும் ஒரு நொடி அந்தத் தாவலுக்குக் காத்திருக்கிறது.