வயதுவாரியா, தலைப்புவாரியா? ஆறு வருடமாகப் புரட்டும் இரண்டு பாடநூல்கள்

குழந்தை வளர்ச்சி உளவியல் படிக்கச் சேர்ந்தபோது எந்தப் பாடநூல் வாங்குவது என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டு வாங்கினேன். ஒன்று வயதுவாரி: கரு, கைக்குழந்தை, மழலை, பள்ளி வயது, விடலை. மற்றது தலைப்புவாரி: மொழி, நினைவு, உணர்ச்சி என ஒவ்வொன்றையும் பிறப்பிலிருந்து பதின்வயது வரை கொண்டுபோகும். இரண்டுமே தலையணை கனம்.

தேர்வு முடியும் வரை வயதுவாரிப் புத்தகம்தான் கையில் இருந்தது. கதைபோல ஓடும், படமும் நிறைய. ஆனால் ஒரு விஷயத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. தாய்–சேய்ப் பிணைப்பை அளக்க உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த சோதனை கைக்குழந்தை இயலில் வரும். அந்தப் பிணைப்புக்கும் பிற்கால நட்புக்கும் என்ன தொடர்பு என்பது முந்நூறு பக்கம் தள்ளி வரும். அதற்குள் முன்னது எனக்கு மறந்தே போயிருக்கும்.

தேர்வுக்குப் பிறகு நிலைமை மாறியது, தலைப்புவாரி நூல் கைக்கு வந்தது. ஓர் உதாரணம். எட்டு மாத வயதுக்கு முன் குழந்தை, மறைத்துவைத்த பொருளைத் தேடாது, ஆகவே கண்ணில் படாத பொருள் அதற்கு இல்லாத பொருள்தான் என்றார் உளவியலாளர் பியாஜே. 1985இல் ரெனே பையர்ஜான் குழுவினர், கை நீட்டித் தேடுகிறதா என்று பார்க்காமல், எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்தார்கள். மறைந்த பொருள் அங்கே இல்லாததுபோல் காட்டிய, நிஜத்தில் சாத்தியமில்லாத காட்சியை ஐந்து மாதக் குழந்தைகளே கூடுதல் நேரம் பார்த்தன; அப்படியானால் பொருள் இருப்பது அவற்றுக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். வயதுவாரி நூலில் இது ஒரே வரி. தலைப்புவாரி நூல் சோதனையைப் படம் போட்டுக் காட்டி, ‘உற்றுப் பார்ப்பதும் அறிவதும் ஒன்றா?’ என்று மறுப்பவர்களின் வாதத்தையும் வைக்கிறது. நான் இன்றும் அதைத் திறப்பது இதற்காகத்தான்.

குறை இல்லாமல் இல்லை. நடை வறட்சி. ‘இரண்டு வயதில் குழந்தை எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் ஏழு இயல்களைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

வாங்குமுன் நூலகத்தில் இரண்டிலும் மார்ஷ்மெல்லோ சோதனைப் பக்கத்தைப் பாருங்கள்; ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் பொறுத்தால் இரண்டு கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்த சோதனை அது. பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்பதோடு நின்றால் யோசியுங்கள். 2018இல் பெரிய மாதிரியில் செய்த ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கியது.

வயதுவாரி நூலைத் தங்கைக்குக் கொடுத்தேன். ‘12 மாதத்தில் நடக்கும்’ என்ற வரியைப் படித்துவிட்டு, பதினான்கு மாதப் பிள்ளையோடு கலங்கிப்போய் அழைத்தாள். தலைப்புவாரி நூலிலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை வாசித்துக் காட்டினேன்: தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. சரி என்றாள். வயதுவாரிப் புத்தகம், அந்த ‘12 மாதம்’ பக்கத்தின் மூலை மடிந்து திரும்பி வந்தது.