காலுறையா, கத்தியா, லேசரா? வெரிகோஸ் வெயினுக்கு எது பொருந்தும்

ஜவுளிக்கடை விற்பனையாளர், போக்குவரத்துக் காவலர், ஓட்டல் சமையற்காரர் என்று நின்றே பிழைப்பவர்களின் கெண்டைக்காலில் நீலமாக நெளிந்து புடைத்திருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வெரிகோஸ் வெயின். மேலேறும் ரத்தம் திரும்ப இறங்கிவிடாமல் தடுக்கச் சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. பரம்பரைவாகு, அடுத்தடுத்த பிரசவங்கள், உடல் பருமன் ஆகியவற்றோடு ஓயாத நிற்பும் சேர்ந்தால் வால்வுகள் பழுதாகி, ரத்தம் கீழேயே தேங்குகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாற்காலி வந்ததா என்பதைக் கடைக்குப் போகும்போது நீங்களே பாருங்கள்.

முதலில் மாலையில் கால் கனக்கும், இரவில் கெண்டை பிடித்து இழுக்கும். பிறகு உள்கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, தடித்து, அரிக்கும். அங்கே நகம் பட்ட கீறல்கூட ஆறாமல் புண்ணாகிவிடும்.

அழுத்தக் காலுறைதான் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் வெளியிலிருந்து இறுக்குவதோடு அதன் வேலை முடிந்தது. பழுதான வால்வை அது சரிசெய்யாது. காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன்பே மாட்டிவிட வேண்டும். நம் சித்திரை வெயிலில் அதை நாள் முழுக்கப் போட்டிருப்பவர் பொறுமைசாலி. பலருடையது பீரோவில்தான் கிடக்கும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். மற்ற சிகிச்சைகளைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகே செய்வார்கள்.

உண்மையான போட்டி அறுவை சிகிச்சைக்கும் லேசருக்கும்தான். அறுவையில் தொடையிடுக்கில் சிரையைக் கட்டி, நீளமாக உருவி எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ நடக்கும். தொடையெல்லாம் ரத்தம் கன்றிப்போய் வலிக்கும். லேசரில் முழங்கால் அருகே ஊசித்துளை வழியாக மெல்லிய இழையைச் செலுத்தி, சிரையை உள்ளிருந்தே சூட்டால் மூடிவிடுகிறார்கள். மரப்பு மருந்தைச் சிரையைச் சுற்றிச் செலுத்தினால் போதும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ரேடியோ அலைச் சிகிச்சையும் இதே வழிதான். அங்கே சூடு 120 டிகிரி செல்சியஸ். இரண்டுக்கும் செலவு அறுவையைவிடக் கூடுதல்.

நீண்டகாலப் பலனில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. பிரிட்டனில் 798 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், ஐந்தாண்டு கழித்து நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தைக் கேட்டபோது லேசரும் அறுவையும், மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி அதை மூடும் நுரை ஊசியைவிட மேலாக நின்றன. ஆகவே ‘கத்தி பழைய வைத்தியம்’ என்னும் விளம்பரப் பேச்சைத் தள்ளிவிடலாம். லேசருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போவதற்கான விலை. தினக்கூலிக்காரருக்கு அது பெரிய விஷயம்தான்.

நுரை ஊசியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இழை நுழைய முடியாதபடி வளைந்த சிரைக்கும், மறுபடி தலைகாட்டிய சிரைக்கும் அது நல்ல துணை. திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கலாம் என்பதுதான் குறை. பசை வைத்து ஒட்டும் முறையில் மரப்பு ஊசிகள் குறைவு, விலையோ அதிகம்.

புண் வந்துவிட்டால் கணக்கே வேறு. 2018-இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வில் எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. அதோடு சிரையையும் உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. சிரை சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது. அப்போது காலுறையா லேசரா என்று கேட்காதீர்கள், இரண்டும் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் நிற்கவைத்து, சிரையில் ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆழத்துச் சிரையில் ரத்தக்கட்டி இருந்தால் திட்டமே மாறும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கமான காலுறையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. தமனி அடைப்புள்ள காலில் அந்த இறுக்கம் உள்ள ரத்த ஓட்டத்தையும் கெடுத்துவிடும்.