மணி பிடிக்காத மக்காச்சோளம்: புரட்டாசிப் பட்டமா, தைப்பட்டமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் மக்காச்சோளத்தைப் புரட்டாசியில் மானாவாரியாகவும், கிணறு உள்ளவர்கள் தையில் இறவையாகவும் விதைக்கிறார்கள். இரண்டு பட்டத்திலும் கதிர் பொக்கை விழுவதுண்டு. ஆனால் காரணம் ஒன்றல்ல.

கதிரின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டு இழை உண்டு. அதன் மேல் மகரந்தம் விழுந்து கருவுற்றால்தான் அந்த இடத்தில் மணி திரளும். தைப்பட்டப் பயிர் 50 முதல் 55 நாளில், மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ பூக்கிறது. வெயில் 35 டிகிரியைத் தாண்டிக் காற்றும் வறண்டிருந்தால் மகரந்தம் விரைவில் உயிர்ப்பை இழக்கிறது. மண்ணில் ஈரமும் குறைந்துவிட்டால் இழைகள் வெளிவரத் தாமதமாகி, அவை தலைகாட்டும் வேளையில் மகரந்தம் உதிர்ந்தே முடிந்திருக்கும். அடிப்பக்கத்து இழைகள் முதலிலும் நுனி இழைகள் கடைசியிலும் வருவதால் தாமதம் நுனியையே அதிகம் தாக்குகிறது. வெப்பம் கடுமையானால் கதிர் முழுவதும் மணிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகவே நிற்கும்.

புரட்டாசிப் பயிர் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ பூப்பதால் அந்த வெப்பம் இல்லை. மழையில் மகரந்தம் வீணாகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆனால் நனைந்த மகரந்தப் பைகள் காய்ந்த பிறகே திறக்கும், இழைகளும் பல நாள்கள் காத்திருக்கும். இங்கே உண்மையான ஆபத்து கருவுற்ற பிறகுதான் வருகிறது: மூடாக்கான வானம் நீடித்தாலோ, மழை முன்னதாக நின்றாலோ, நுனி மணிகள் சுருங்கி மடிந்துவிடும்.

இரண்டையும் வயலிலேயே பிரித்தறியலாம். மகரந்தம் உதிர்ந்து சில நாள்கள் கழித்து ஒரு கதிரை ஒடித்து, இழைகள் அறுந்துவிடாமல் மட்டையை உரித்து, மெதுவாக உதறிப் பாருங்கள். கருவுற்ற இழைகள் தாமாக விழும். கருவுறாதவை ஒட்டியே நிற்கும். இழைகள் விழுந்த இடத்தில் பின்னர் வெளுத்த சிறு மணிகள் சுருங்கிக் கிடந்தால், குறை மகரந்தச் சேர்க்கையில் இல்லை.

மணி பிடிப்பை மட்டும் பார்த்தால் புரட்டாசியே மேலானது என்பது என் முடிவு. தைப்பட்டத்துக்கு, பூப்பதற்கு இரு வாரம் முன்பிருந்து இரு வாரம் பின்பு வரை ஈரம் வற்றாமல் காக்கும் நீர் வேண்டும். நீர் இருந்தாலும் விதைப்பைத் தை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. கிணறு பங்குனியில் அடிமட்டத்துக்கு இறங்கும் நிலத்தில் தைப்பட்டத்தைத் தவிர்த்துவிடலாம்.